பொதுவில் விட்ட மானிட்டர்

விளாத்திகுளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி மேற்கே நடந்தால் பரோட்டாக் கடைக்கும் உரக்கடைக்கும் நடுவில் சின்னமணி ஸ்டுடியோ என்று ஒன்று வரும், செத்துப்போனவர்கள் அதற்குள்ளிருந்துதான் கல்யாண வீடுகளுக்குக் கிளம்பிப் போனார்கள் என்று அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், சொல்லும்போது குரலைத் தாழ்த்தவும் மாட்டார்கள், கண்ணை விரிக்கவும் மாட்டார்கள், நேற்று மழை எந்தத் திசையிலிருந்து இறங்கியது என்று சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, கடைக்குள் கிடக்கிற மேசையை மட்டும் கொஞ்சம் மரியாதையாகக் காட்டுவார்கள்.

மேசை ஒன்றும் பெரிதில்லை. அதன் மேல் ஒரு மானிட்டர், ஒரு கீபோர்டு, ஒரு மவுசு. கீழே வலது காலோரம் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி, இடது காலோரம் இன்னொரு கம்ப்யூட்டர் பெட்டி. மேலே சோப்பு டப்பா அளவுக்கு ஒரு சுவிட்சுப் பெட்டி, அதில் இரண்டு பட்டன். ஒரு பட்டனில் குங்குமப் பொட்டு, ஒரு பட்டனில் கறுப்பு டேப்பு. குங்குமத்தை அமுக்கினால் மானிட்டரும் கீபோர்டும் மவுசும் வலதுபக்கக் கம்ப்யூட்டரின் பேச்சைக் கேட்கும். கறுப்பை அமுக்கினால் இடதுபக்கத்தின் பேச்சைக் கேட்கும்.

வலதுபக்கம் நல்ல காரியம். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, பிறந்தநாள், அதற்கெல்லாம் ஆல்பமும் ஃபிளெக்ஸும். அது மூத்தவர் சுந்தரவேலுக்கும் அவர் பெண்சாதி வடிவுக்கும் உரியது. இடதுபக்கம் துக்க காரியம். கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர், பதினாறாம் நாள் பத்திரிகை, வருச நினைவு. அது இளையவர் அய்யாத்துரைக்கும் அவர் பெண்சாதி பாக்கியத்துக்கும் உரியது. ஆண்கள் இரண்டு பேரும் கடையில் தங்குவதில்லை. சுந்தரவேல் கேமராவைத் தூக்கிக்கொண்டு மண்டபம் மண்டபமாகப் போவார், அய்யாத்துரை பசை வாளியைத் தூக்கிக்கொண்டு சுவர் சுவராகப் போவார். மேசையில் உட்காருகிறவர்கள் ஓரகத்திகள் இரண்டு பேர்தான், அந்த இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

பேச்சு அறுந்தது ஒரு பிள்ளை செத்ததில். பாக்கியத்துக்கு ஒரே பிள்ளை, செம்பகம் என்று பேர், இரண்டாம் வகுப்புப் படித்தாள், வடிவின் மகள் கௌசல்யாவும் அவளும் ஒரே வருசத்துப் பிள்ளைகள், ஒரே தட்டில் சாப்பிட்டு ஒரே பாயில் படுத்த பிள்ளைகள். ஐப்பசியில் ஒரு காய்ச்சல் வந்து செம்பகத்தை வாரிக்கொண்டு போனது. பதினாறாம் நாள் கூட்டத்தில், சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்திருக்கிற இடத்தில், வடிவின் வாயிலிருந்து ஒரு சொல் விழுந்தது: "எழவு வேலை பாத்த கையோட வீட்டுக்குள்ள வந்தா, எழவும் பின்னாலயே வரத்தான செய்யும்." அன்றைக்குச் சோற்றில் வைத்த கையை எடுத்த பாக்கியம் அதற்குப் பிறகு வடிவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பாகம் பிரிக்கப் பெரிய மனுசர்கள் வந்து உட்கார்ந்தபோது, துக்க வேலை யாருக்கு என்று கேட்டார்கள். அய்யாத்துரை தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பாக்கியம் தூணுக்குப் பின்னாலிருந்து, "அத நாங்களே எடுத்துக்கிடுறோம்" என்றாள். கம்ப்யூட்டர் இரண்டு இருந்தது, ஆளுக்கு ஒன்றாகப் போயிற்று. மானிட்டர் ஒன்றுதான் இருந்தது. அதை அறுக்க முடியுமா? அப்போது அந்தக் கூட்டத்தில் கிணற்று வழக்கெல்லாம் தீர்த்துப் பழகின ஒரு பெரியவர், "பங்காளிகளுக்குக் கிணறு பொதுவில் கிடக்கலையா? முறை வச்சு எறைக்கலையா? அது மாதிரி இதையும் பொதுவுல விடுங்க. பொதுச் சாமானை ஒருத்தர் மட்டும் சொல்லிக் கழட்டக் கூடாது, மாத்தக் கூடாது, ரெண்டு வாயும் சேர்ந்து சொல்லணும். தனக்குன்னு ஒண்ணு வாங்கி வச்சுக்கிட்டவன் பொதுவுல உள்ள பாத்தியத்தை விட்டுக் குடுத்தவன்" என்று தீர்த்துவிட்டார். பாத்தியத்தை யார் விடுவார்கள்? ஊரில் மானிட்டர் மலிந்து கிடக்கிற காலத்திலும் அந்த இரண்டு பெண்களும் ஒரே மானிட்டரில் முறை வைத்து இறைத்தார்கள். காலையிலிருந்து பள்ளிவாசலில் மத்தியானப் பாங்கு சொல்கிற வரைக்கும் பாக்கியம். பாங்கு காதில் விழுந்ததும் அவள் எழுந்துகொள்வாள், வடிவு வந்து உட்கார்ந்து குங்குமப் பட்டனை அமுக்குவாள். நாற்காலியில் ஒருத்தியின் சூடு ஆறுவதற்குள் இன்னொருத்தி உட்கார்ந்திருப்பாள், முகத்தைப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் அந்தப் பாகத்தில் ஒரு தப்பு நடந்துவிட்டது. கம்ப்யூட்டர் மெக்கானிக் செல்வின்தான் இரண்டு பெட்டிக்கும் படங்களைப் பிரித்துப் போட்டான். நல்லது எல்லாம் வலது, துக்கம் எல்லாம் இடது என்று சொல்லிக் கொடுத்தார்கள், அவனும் அப்படியே செய்தான். செம்பகத்தின் படங்கள் எல்லாம் பிறந்தநாள், காதுகுத்து, பள்ளிக்கூட ஆண்டுவிழா. எல்லாம் நல்ல காரியம். எல்லாம் வலதுபக்கம் போய்விட்டது. வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஒரே படத்தை, பார்க்கப் பொறுக்காமல், பிள்ளையின் கவுனோடு சேர்த்துக் குழிக்குள் வைத்து அனுப்பிவிட்டார் அய்யாத்துரை. சின்னப் பிள்ளைகளுக்குப் போஸ்டர் அடிக்கிற வழக்கம் அந்தப் பக்கத்தில் இல்லை, அதனால் இடதுபக்கத்திலும் ஒன்றும் இல்லை.

ஆகக்கூடி, பாக்கியம் தினமும் காலையில் உட்காருகிற அதே நாற்காலியில், அவள் பார்க்கிற அதே மானிட்டருக்குப் பின்னால், ஒரு பட்டனுக்கு அந்தப் பக்கம், அவள் பிள்ளை மெழுகுவத்தியை ஊதிக்கொண்டு இருந்தாள். அடுத்தவர் முறையில் கை வைக்கக் கூடாது. கேட்கலாம் என்றால் பேச வேண்டும். பாக்கியம் கை வைக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. ஊர் முழுவதும் செத்தவர்களின் முகங்களைப் பெரிதாக்கி, வெளுப்பாக்கி, மூக்கோரத்து நிழலைத் துடைத்துத் துடைத்து, தன் பிள்ளையின் முகம் மட்டும் வருசத்துக்கு வருசம் தேய்ந்துகொண்டே போவதை உள்ளுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணு ஞாபகம் இருந்தது. வாய் ஞாபகம் இருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் வேறு யாரோ வந்து நின்றார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் சோடாக் கருத்தபாண்டி செத்துப்போனார்.

அவர் சோடா இல்லாமல் அந்த வட்டாரத்தில் ஒரு கல்யாணம் நடந்ததில்லை. கோலி சோடாவாக இருந்த நாளிலிருந்து சைக்கிளில் பெட்டி கட்டி வந்தவர். பாக்கியம் அவருக்குப் போஸ்டர் செய்து முடித்த நேரம் பாங்கு சொன்னது. எழுந்தாள். வடிவு வந்து உட்கார்ந்து குங்குமத்தை அமுக்கினாள். பட்டனை அமுக்கினால் ஒரு மூச்சு நேரம் மானிட்டர் இருண்டு போகும், அந்த ஒரு மூச்சுக்கு அது வலதுக்கும் சொந்தமில்லை, இடதுக்கும் சொந்தமில்லை. அன்றைக்கு அந்த இருட்டுக்குள்ளிருந்து வந்த வெளிச்சத்தில், குளத்தூர்க்காரர் வீட்டுக் கல்யாண ஃபிளெக்ஸில், மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குப் பின்னால் சோடாக் கருத்தபாண்டி நின்றுகொண்டிருந்தார். போஸ்டரில் மார்பு வரைக்கும்தான் இருந்தார்; இங்கே கால் வரைக்கும் இருந்தார். சலவை வேட்டி, தோளில் துண்டு, நெற்றியில் வேர்வை. யாருக்கோ சோடா உடைத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்து நின்ற மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

வடிவு அவரை அழித்தாள். வந்தார். மறுபடியும் அழித்தாள். மறுபடியும் வந்தார், இந்தத் தடவை துண்டால் முகத்தைத் துடைத்திருந்தார். இது பாக்கியத்தின் வேலைதான் என்று பல்லைக் கடித்தாள் வடிவு, ஆனால் அதைக் கேட்கவும் பேச வேண்டுமே. முகூர்த்தத்துக்கு நேரமில்லை, அப்படியே அச்சுக்குப் போயிற்று, மண்டப வாசலில் அப்படியே கட்டினார்கள்.

காலையில் முதலில் பார்த்தவர் பந்திக்கு இலை கொண்டுவந்தவர். "கருத்தபாண்டி வந்துட்டாரு போலுக்கே" என்று சொல்லிவிட்டு இலைக்கட்டை இறக்கிவைத்தார், அதற்குப் பிறகுதான் தான் நேற்றுச் சாயங்காலம் அவர் அடக்கத்துக்குப் போய்வந்தது ஞாபகம் வந்து அப்படியே நின்றார். கூட்டம் கூடிவிட்டது. யாரும் அலறவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றார்கள். நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்தி, நிறுத்துவது மரியாதையா ஊதுவது மரியாதையா என்று தெரியாமல், மெதுவாக மறுபடியும் ஊதினார். கருத்தபாண்டி பெண்சாதி குருவம்மாவைக் கூட்டிவந்தார்கள். அவள் அண்ணாந்து வெகுநேரம் பார்த்தாள்.

"ஒரு கல்யாணத்துலயாச்சும் சும்மா உக்காந்து சாப்பிட்டாரா இந்த மனுசன்" என்றாள். "செத்தும் நிக்காரே."

குளத்தூர்க்காரர் வீட்டுப் பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, முதல் பந்தியில் முதல் இலையில் ஆளை உட்காரவைக்காமல் அவருக்கென்று பரிமாறச் சொன்னார்.

அதற்குப் பிறகு வந்துகொண்டே இருந்தார்கள். பாங்கு சொல்லி முறை மாறுகிற அந்த ஒரு மூச்சு இருட்டில், இடதுபக்கத்திலிருந்து வலதுபக்கத்துக்கு, ஆற்றைக் கடக்கிற மாதிரி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டும் சேலைக் கொசுவத்தை ஒதுக்கிக்கொண்டும் வந்தார்கள். பேத்தியின் சடங்குக்கு வந்தார்கள், மருமகனின் புதுவீட்டுக்கு வந்தார்கள். அழைத்தவர்கள் வீட்டுக்கு வராமல் அழைக்காதவர்கள் வீட்டுக்குப் போய் நின்றவர்களும் உண்டு. வரப்புத் தகராறில் கடைசி வரைக்கும் முகம் பார்க்காத ஒருவர் பகையாளி வீட்டுக் காதுகுத்தில் தாய்மாமனுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றார், அந்த வீட்டுக்காரர் அவர் மகனிடம் போய், "உங்கய்யா எங்க வீட்டுக்கு வந்துட்டாரு, இனி நீயும் வரணும்ல" என்று வெற்றிலை வைத்தார், அவனும் போனான்.

ஊர் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. ஃபிளெக்ஸ் அகலம் கூடிக்கொண்டே போனது. சட்டம் அடிக்கிற ஆசாரி, "இருக்கிறவுகளுக்கு மட்டுமா, வாரவுகளுக்கும் சேத்தா?" என்று கேட்டுத்தான் மரம் அறுத்தார். சுந்தரவேல் மேடையில் குடும்பப் படம் எடுக்கும்போது, "கொஞ்சம் இடம் விட்டு நில்லுங்க, வாரவுக எங்க நிப்பாக?" என்று சொல்லப் பழகினார், மாமனும் மச்சானும் தோளோடு தோள் ஒட்டாமல் நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம்விட்டு நின்றார்கள், அந்த வெற்றிடத்தின் மேல் கையைப் போட்டுக்கொள்ளவும் சிலர் பழகினார்கள். உயிரோடு இருக்கிற கிழவர்கள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு பாக்கியத்தைத் தேடி வந்தார்கள். "தாயி, என் போஸ்டருக்கு இந்தப் படத்தையே போட்டுரு. பத்துக் கல்யாணத்துக்குப் போகணும், கிழிஞ்ச பனியனோட எடுத்த படத்தைக் கொண்டாந்து குடுப்பானுக எம் பயலுக." இப்படி முன்யோசனை இல்லாத ஒருவருக்கு, அடையாள அட்டையில் கண்ணை மூடிக்கொண்டிருந்த படத்தைக் கொடுத்துவிட்டார்கள், அவர் போன கல்யாணங்களில் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டே வந்து யார் காலையாவது மிதித்துக்கொண்டு நின்றார், கடைசியில் பாக்கியம் இரண்டு கண்ணையும் வரைந்து வைத்து மறுபடியும் அனுப்பினாள். அடுத்த கல்யாணத்தில் அவர் பந்தல் அலங்காரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், அப்படி ஒரு பார்வை.

அதெல்லாம் ஊருக்கு. பாக்கியத்துக்கு வேறு கணக்கு இருந்தது.

முறை முடிந்து எழுந்த பிறகும் அவள் கதவோரம் நின்று வடிவின் தோளுக்கு மேலாக மானிட்டரைப் பார்க்கத் தொடங்கினாள். இருட்டு வரும், வெளிச்சம் வரும், யாராவது வருவார்கள். அவள் பிள்ளை வரவில்லை. ஊரெல்லாம் வருகிறார்கள், செம்பகம் வரவில்லை. குருவம்மாதான் ஒரு நாள் கடை வாசலில் உட்கார்ந்து சொன்னாள்: "எப்படி வருவா? போஸ்டர் ஒட்டுனாத்தான ஊருக்கே தெரியுது, போனவுகளுக்கும் அப்பத்தான தெரியும் தாம் போயிட்டோம்னு. ஒம் பிள்ளைக்கு யாரு சொன்னா? இன்னும் அந்தக் கேக்கைத்தான் ஊதிக்கிட்டு நிப்பா, பாவம்."

போஸ்டர் செய்யலாம், பாக்கியத்துக்கு அது தெரியும். முகம் வேண்டுமே. முகம் குங்குமப் பட்டனுக்குப் பின்னால் இருக்கிறது.

அந்தத் தையில் கௌசல்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. எட்டயபுரத்து மாப்பிள்ளை. ஊரார் வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் செத்தவர்களைப் பட்டன் அமுக்கிக் கூட்டிவந்த வடிவுக்குத் தன் மகள் கல்யாணம் என்றதும் அந்தப் பட்டனைப் பார்க்கவே பயமாயிருந்தது. இந்தப் பக்கம் வருகிற வழி அந்தப் பக்கம் போகிற வழியும்தானே? நாளைக்குக் கௌசல்யாவின் படத்தைத் திறந்துவைத்துப் பட்டனை அமுக்கினால், இருட்டு விலகும்போது அவள் இங்கே இருப்பாளா, கறுப்பு டேப்புக்குப் பின்னால் மார்பு வரைக்கும் வெட்டுப்பட்டு நிற்பாளா? சுவிட்சுப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட வேண்டும் என்று செல்வினுக்கு ஆள் அனுப்பினாள்.

செல்வின் மத்தியானம் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தான். பாக்கியம் நாற்காலியில் இருந்தாள், வடிவு கதவோரம் நின்றாள். அவன் பெட்டியைப் பார்த்தான், இரண்டு பெண்களையும் பார்த்தான், ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பைக்குள் திருப்பிப் போட்டான்.

"பொதுச் சாமானு. ரெண்டு வாயும் சொல்லணும்" என்றான். "தலையாட்டுறது, கனைக்கிறது எல்லாம் செல்லாது. இந்தப் பெட்டில கை வச்சா நாளைக்கு ஊர்ல எல்லாச் செத்தவுகளும் எங்கிட்ட வழக்குக்கு வருவாக. எனக்கு ஒரு பெஞ்சாதி, ஒரு கடைதான் இருக்கு."

"எனக்குச் சம்மதம்" என்றாள் வடிவு சுவரைப் பார்த்து.

செல்வின் பாக்கியத்தைப் பார்த்தான். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பாக்கியம் கீபோர்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, மானிட்டரைப் பார்த்தபடியே பேசினாள். இத்தனை வருசம் பேசாத குரல் அந்தப் பக்கம் திரும்புவதற்குச் சிரமப்பட்டது.

"கழட்டிக்கிடட்டும். அதுக்கு முன்ன எம் பிள்ளை படம் எனக்கு ஒண்ணு வேணும்."

வடிவு சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள். பிறகு, "இத்தனை நாளா கேக்க வேண்டியதுதான?" என்றாள். "கேட்டா குடுக்க மாட்டேன்னா சொன்னேன்?"

"கேக்குற மாதிரியாக்கா அன்னைக்குப் பேசுனீக?"

"அக்கா" என்ற சொல் தெரியாமல் வந்துவிட்டது. வந்ததைத் திருப்பி எடுக்க முடியாது. வடிவு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"எம் பிள்ளையும் அதே காச்சல்ல கிடந்தா, பாக்கியம். பதினாறாம் நாளு அன்னைக்கும் ஒடம்பு அனலாத்தான் கிடந்துச்சு. நீ எங்க கவனிச்ச, ஒனக்கு ஒன் துக்கம். நான் ஒன்னையப் பாத்தேன், அடுத்து நாந்தான்னு பட்டுச்சு. யாரையாச்சும் குத்தம் சொன்னா சாமி எம் பிள்ளைய விட்டுரும்னு... அப்படித்தான் புத்தி போச்சு. அதே பயந்தான் இப்பவும். வேற என்ன?" சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள். "வருசா வருசம் செம்பா பிறந்தநாளுக்கு நான் அந்தப் படங்களைத் திறந்து பாப்பேன். நீ பாக்க முடியலையே, நாமளாச்சும் பாப்போம்னு."

"நீங்க பாத்தீகளா?"

"பாக்காமலா? எந் தோள்லதான தூங்குவா."

செல்வின் மேல்கூரையில் ஏதோ ஓட்டையை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாங்கு சொன்னது. வடிவு உட்கார்ந்து குங்குமத்தை அமுக்கி, எந்த இடம் என்று தேடாமல் நேராகப் போய்த் திறந்தாள். பாக்கியம் குனிந்து பார்த்தாள். ரோஸ் கவுன், கன்னத்தில் கேக்குக் கிரீம், முன்பல் விழுந்த வாய். கண்ணும் வாயும் சேர்ந்தே இருந்தன, இத்தனை காலம் அவள் மனசில் சேர்த்துவைத்துப் பார்த்தபோதெல்லாம் வந்த யாரோ இல்லை, இவள்தான், இவளேதான். பாக்கியம் விரலை நீட்டிக் கண்ணாடியைத் தொடப் போய், தொடாமல் நிறுத்தினாள். "பல்லு விழுந்துருந்துச்சே" என்றாள். "அத மறந்தே போனேன்."

செத்தவர்கள் தாமாகக் கடந்துவிடுவார்கள், ஆனால் செத்தது இன்னும் தெரியாத பிள்ளைக்கு வழி தெரியாதே, அதனால் செல்வின்தான் பென் டிரைவில் வைத்து அவளை இடதுபக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டான், பேருந்தில் பிள்ளையைத் தூக்கிவிடுகிற மாதிரி பத்திரமாக. முறை வடிவினுடையது, எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். பாக்கியம் கறுப்பை அமுக்கிப் போஸ்டரைத் தொடங்கினாள். ஊரில் அத்தனை பேருக்கும் அடித்த வாசகங்கள் விரல் நுனியில் இருந்தன, ஒன்றும் வரவில்லை. ஆழ்ந்த துயரத்தை யாருக்கு அறிவிப்பது? சுற்றத்தார் பேரை எல்லாம் எழுதினால் அவளுக்குப் படிக்கத் தெரியுமா, எழுத்துக் கூட்டித்தானே படிப்பாள்? கடைசியில் படத்துக்குக் கீழே செம்பகம் என்று மட்டும் போடலாம் என்று நினைத்தாள். முதல் இரண்டு எழுத்தை அவள் அடித்தாள். அதற்கு மேல் விரல் போகவில்லை. வடிவு அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி மற்றதை அடித்தாள்.

அப்போது அய்யாத்துரை பசை வாளியோடு உள்ளே வந்தார், பின்னாலேயே சுந்தரவேலும் வந்தார், அண்ணன் தம்பி இரண்டு பேரும் இத்தனை வருசமும் டீக்கடையில் ஒன்றாக உட்கார்ந்து வடை தின்றுகொண்டுதான் இருந்தார்கள், அது பெண்சாதிகளுக்குத் தெரியாது, இப்போது கையும் களவுமாகப் பிடிபட்டும் யாரும் அதைக் கேட்கவில்லை. அய்யாத்துரை மானிட்டரைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார்.

"இத ஒட்டணுமா?" என்றார்.

"ஒட்ட வேண்டாம். அவ பாத்தாப் போதும்" என்றாள் பாக்கியம்.

வடிவு கௌசல்யாவின் ஃபிளெக்ஸை நாற்காலியை விட்டு எழும்போதே வலதுபக்கத்தில் திறந்து வைத்திருந்தாள். இனி அமுக்கினால் அதுதான் வரும். கழற்றி எறிய வேண்டும் என்று கூப்பிட்டவள், பெட்டியைத் தள்ளிப் பாக்கியத்தின் கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நீயே அமுக்கு."

"ஒங்க பட்டனாச்சே."

"அமுக்குடி."

பாக்கியம் குங்குமப் பட்டனை முதல்முறையாகத் தொட்டாள். இருட்டு வந்தது. ஒரு மூச்சு நேரம் இல்லை, நின்று நிதானித்து வந்தது. மின்விசிறி ஓடுகிற சத்தம், தெருவில் பஸ் ஹாரன், எல்லாம் இருந்தன, ஆனால் அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குள் வெகுதூரம் நடந்து வருகிற யாருக்காகவோ எல்லாம் கொஞ்சம் பொறுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. செல்வின் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். பிறகு வெளிச்சம் வந்தது.

நடுவில் கௌசல்யா, பக்கத்தில் மாப்பிள்ளை, பின்னால் சொந்தங்கள். பாக்கியம் தேடினாள். மணமகளின் இடுப்புயரத்தில் தேடினாள், மாலை நுனி தொங்குகிற இடத்தில், சேலைக் கொசுவத்துக்குப் பின்னால், பிள்ளைகள் ஒளிந்துகொள்கிற இடத்தில் எல்லாம் தேடினாள். வரவில்லை. "வரலையேக்கா" என்றாள்.

"மேல பாரு" என்றாள் வடிவு. குரல் ஒரு மாதிரி இருந்தது. "ஏ பாக்கியம், மேல பாரு."

மேலே, கௌசல்யாவின் தோளுக்குப் பக்கத்தில், அவளைவிட ஒரு விரல் உயரமாக, பச்சைப் பட்டு கட்டி, தலை நிறையப் பூ வைத்து, ஒரு வயசுப் பெண் நின்றாள். கௌசல்யாவின் காதில் ஏதோ சொல்லி முடித்து அப்போதுதான் நிமிர்ந்திருந்தாள், சொன்னதன் சிரிப்பு இன்னும் வாயில் இருந்தது, அந்த வாயில் பல் எல்லாம் முளைத்து வரிசையாக இருந்தது. யார் பார்த்து வளர்த்தார்கள், யார் தலைக்கு எண்ணெய் வைத்தார்கள், எந்தப் பக்கத்தில் எந்த வெயிலில் இத்தனை உயரம் வளர்ந்தாள், ஒருவருக்கும் தெரியாது. வளர்ந்திருந்தாள். பாக்கியம் எழுந்து நின்றாள், மகள் முன்னால் உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருந்த மாதிரி, சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். அய்யாத்துரை பசை காய்ந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வெகுநேரம் கழித்து வடிவு, "எதுக்கும் அந்தப் பக்கத்தையும் ஒரு தடவ பாத்துருவோம்" என்றாள். கறுப்பை அமுக்கிப் பார்த்தார்கள். அங்கே கௌசல்யா இல்லை. பல் விழுந்த பிள்ளை மட்டும் இருந்தாள்.

"அப்ப இந்தப் பெட்டிய..." என்று இழுத்தான் செல்வின்.

"கிடக்கட்டும்" என்றன இரண்டு வாயும்.

கல்யாணத்தன்று அந்த ஃபிளெக்ஸ் மண்டபத்தின் முகப்பையே மூடிக்கொண்டு நின்றது. உள்ளூர்க்காரர்கள் அதன் கீழே வந்ததும் நடையை மெதுவாக்கி, செருப்பை ஓரமாக விட்டு, பாக்கியத்தைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போனார்கள், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. துக்க வேலை பார்க்கிறவள் என்று இத்தனை காலம் மண்டப வாசலைத் தாண்டாத பாக்கியம், வடிவு கையில் திணித்த சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் நின்று வருகிறவர்களை வாங்க வாங்க என்றாள், ஆள் ஓய்ந்தபோதெல்லாம் அண்ணாந்து பார்த்தாள்.

எட்டயபுரத்து ஆட்கள் வேனில் வந்து இறங்கினார்கள். அதில் மாப்பிள்ளைக்குப் பெரியம்மா முறை ஒருத்தி, வெற்றிலையை மென்றுகொண்டு, சந்தனத்தைத் தொட்டவள், ஃபிளெக்ஸைப் பார்த்தபடி பாக்கியத்துக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.

"ஏத்தா, பொண்ணுக்கு இந்தப் பக்கம், பச்சைப் பட்டுல நிக்காளே, நல்லா நெடுநெடுன்னு, அது ஆரு?"

"எம் மக" என்றாள் பாக்கியம். சொல்லி எத்தனை காலமாயிற்று.

"பேரு?"

"செம்பகம்."

"நல்ல லெச்சணமா இருக்கா. இடம் ஏதும் அமைஞ்சிருக்கா?"

பாக்கியம் திகைத்துப் பார்த்தாள். அந்த அம்மா ஃபிளெக்ஸின் மறுகோடியை, மாப்பிள்ளைக்கு அந்தப் பக்கத்தை, வெற்றிலைக் காம்பால் காட்டினாள். அங்கே நீலச் சட்டை போட்ட ஒரு வாலிபன் நின்றான். பாக்கியத்துக்குத் தெரிந்த முகம்தான். போன ஆடியில் பைபாஸ் ரோட்டில் லாரி கவிழ்ந்து போனவன், அவன் மீசை நுனியை அவள்தான் சரிசெய்து அனுப்பினாள்.

"எந் தங்கச்சி மகன், அவனும் ஒம் மக மாதிரி வந்து நிக்கிறவன்தான். ஒத்தைக்கு ஒருத்தன், கெட்ட பழக்கம் ஒண்ணு கிடையாது. கல்யாணம் முடிக்காமப் போயிட்டான்னு அவ ஆத்தா ராத்திரியெல்லாம் உக்காந்துருக்கா. வந்தவன் நேராப் பாக்கானா பாரு, பொண்ணு வீட்டுப் பக்கமே திரும்பி நிக்கான்."

மேளம் வாசலுக்கு வந்தது. இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். செம்பகம் கௌசல்யாவின் தோளுக்கு மேலாகச் சிரித்துக்கொண்டிருந்தாள், யாரைப் பார்த்து என்று கீழேயிருந்து சொல்ல முடியவில்லை.

பாக்கியம் சந்தனக் கிண்ணத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"அவட்ட ஒரு வார்த்த கேட்டுத்தான் சொல்லணும்" என்றாள். "வளந்த பிள்ளை பாருங்க."